கிரீட் தீவின் புது விமான நிலையம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கிரீட் தீவுக்கு ஒரு முறை போய்வந்து, நாலு படத்தைப் போட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தத் தீவின் விமான நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு என்று நண்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பயணம் போகத் திட்டமிடுபவர்கள் ஒரு பக்கம் கேட்கிறார்கள். 'இந்தியக் கம்பெனி கட்டுதாமே' என்று செய்தி படித்தவர்கள் இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து கை வலித்ததால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கிரீட்டா, கிரீஸா? எந்தத் தீவைச் சொல்கிறீர்கள்?

கிரீஸ் நாடு. அதன் தீவுகளிலேயே பெரியது கிரீட். கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம், மக்கள் தொகை ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமுமாக நாட்காட்டியில் வருகிறதே, அது சான்டோரினி. கிரீட் அதற்குத் தெற்கே இருக்கிறது. நடுவில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள், சுற்றிலும் ஆலிவ் தோப்பு, வடக்குக் கரையோரம் வரிசையாக ஓட்டல்கள்.

தீவின் பெரிய ஊர் ஹெராக்லியோன். அங்கே இருப்பதுதான் கிரீஸில் ஏதென்ஸுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் வரும் விமான நிலையம். எழுத்தாளர் நிக்கோஸ் கசான்ட்சாகிஸ் அந்த ஊரில் பிறந்தவர், அதனால் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இதை மூடிவிட்டு உள்நாட்டில் கஸ்தெல்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டுகிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கதைதான்.

இப்போது இருக்கிற ஏர்போர்ட்டுக்கு என்ன குறை? நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடுகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது. 1937 இல் வெறும் வயல்வெளியாகத் தொடங்கிய இடம் அது. முதலில் வந்து இறங்கியது ஜெர்மானிய யுங்கர்ஸ் 52 ரக விமானம். நாலு வருஷம் கழித்து, 1941 மே மாதம், அதே ரக விமானங்கள் கூட்டமாக வந்து அதே இடத்தின் மேல் பாராசூட் படையை இறக்கின. போர் முடிந்து 1946 இல் டக்ளஸ் டிசி-3 விமானங்களோடு மறுபடி பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. சுற்றுலா நிறுவனங்கள் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டுச் சார்ட்டர் விமானம் முதன்முதலாக வந்தது 1971 இல். அடுத்த வருஷம் ஒரு முனையக் கட்டடம் எழுப்பினார்கள். இன்றைக்கும் ஒட்டுப்போட்டு, நீட்டி, அதில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

கொரோனாவுக்கு முந்தைய 2019 இல் அந்த இடத்தைக் கடந்து போனவர்கள் சுமார் 80 லட்சம் பேர். அதன்பிறகு அந்த எண்ணிக்கையையும் தாண்டியாயிற்று. இது வருஷம் முழுக்கப் பரவி வந்தால் பரவாயில்லை. பெரும்பகுதி ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் வந்து விழுகிறது. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குப் பந்தி போட்டிருக்க, ஐந்நூறு பேரும் முதல் பந்தியிலேயே உட்கார வந்தால் எப்படி இருக்கும்? ஜூலை மாதச் சனிக்கிழமை அங்கே அப்படித்தான்.

சரி, அதையே பெரிதாக்கிவிட்டுப் போகலாமே?

எல்லோரும் கேட்பது. விமானம் இறங்கும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பதில் கண்ணுக்கே தெரியும். ஓடுபாதையின் வடக்குப் பக்கம் கடல். சக்கரம் தரையைத் தொடும்வரை விமானி தண்ணீரில்தான் இறக்கப் போகிறாரோ என்று தோன்றும். எதிரே கடலில் தியா என்று ஆளில்லாத ஒரு தீவு, படுத்துக் கிடக்கும் ஓணான் மாதிரி. தெற்கே திரும்பினால் நெயா அலிகார்னசோஸ் குடியிருப்பு, வீடுகளின் மொட்டை மாடியில் காயும் துணி வரைக்கும் தெரிகிறது. கிழக்கே ஓடுபாதை முடிந்த கொஞ்ச தூரத்தில் கடற்கரை. அங்கே குளிப்பவர்கள் விமானம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இத்தனைக்கும் நடுவில் விமானப்படைக்கும் அதே இடத்தில் பங்கு உண்டு.

ஓடுபாதை சுமார் 2,700 மீட்டர். ஐரோப்பாவிலிருந்து வரும் நடுத்தர விமானங்களுக்கு அது தாராளம். பிரச்சினை ஓடுபாதையில் இல்லை, விமானத்தை நிறுத்தும் இடத்திலும் கட்டடத்திலும் இருக்கிறது. ஏரோபிரிட்ஜ் கிடையாது, படியில் இறங்கிப் பேருந்தில் ஏறித்தான் கட்டடத்துக்குப் போக வேண்டும். அப்புறம் தெற்குக் காற்று. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சூடாக வரும் அந்தக் காற்று மலைகளைத் தாண்டி வடக்குக் கரைக்கு இறங்கும்போது சுழன்று அடிக்கும். அந்த நாட்களில் இறங்குவது பயணிகளுக்கு மறக்காத அனுபவம்.

புதுசு எங்கே வருகிறது? ரொம்பத் தூரமா?

ஹெராக்லியோனுக்குத் தென்கிழக்கே, சாலை வழியாகச் சுமார் 39 கிலோமீட்டர். பெதியாதா என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். கடலிலிருந்து விலகி, கடல் மட்டத்துக்குமேல் முந்நூற்றைம்பது மீட்டர் போல உயரத்தில் ஒரு சமவெளி. சுற்றிலும் குன்றுகள், ஆலிவ், திராட்சை. பக்கத்து ஊரான திராப்சானோவில் இன்னமும் ஆள் உயரத்துக்குப் பானை வனைகிறார்கள்.

அங்கே ஏற்கெனவே ஒரு விமானத்தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது சுற்றுவட்டார மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக் கட்டியது, இப்போது கிரேக்க விமானப்படை வசம் இருக்கிறது. 1942 ஜூனில் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிரடிப் படையினர் கஸ்தெல்லியையும் ஹெராக்லியோனையும் ஒரே வாரத்தில் தாக்கி விமானங்களைக் கொளுத்தினார்கள். அதற்குப் பழியாக ஜெர்மானியர் ஹெராக்லியோனில் பொதுமக்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பழைய விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போனால் '62 தியாகிகள் அவென்யூ' என்று ஒரு பெரிய சாலை வரும். அந்த 62 பேரில் பெரும்பாலோர் இவர்கள்தான். டாக்சியில் போகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

தூரம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஹெராக்லியோன் ஊருக்குள் தங்குபவருக்கு இப்போது பத்து நிமிஷம், இனி முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆனால் சுற்றுலாக்காரர்களில் பெருங்கூட்டம் போவது கிழக்கே ஹெர்சோனிசோஸ், மாலியா பக்கம். அவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. வடக்குக் கரை நெடுஞ்சாலையை ஹெர்சோனிசோஸ் அருகே தொட்டு அர்கலோகோரி வரை போகும் புதுச் சாலையும் இந்தத் திட்டத்தோடு சேர்ந்ததுதான். அந்தச் சாலை முடியாமல் விமான நிலையத்தை மட்டும் திறந்தால் மலைப்பாதையில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், வேறொன்றும் நடக்காது.

இந்தியக் கம்பெனி கட்டுகிறதாமே, நிஜமா?

பாதி நிஜம். கிரேக்க நிறுவனமான தெர்னாவும் டெல்லி, ஹைதராபாத் விமான நிலையங்களை நடத்தும் ஜி.எம்.ஆர். நிறுவனமும் கூட்டாக ஏலத்தில் எடுத்தன. 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 பிப்ரவரியில் பிரதமர் கிரியாகோஸ் மிட்சோடாகிஸ் அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது வேறு கதை.

கட்டுமானம் தெர்னாவின் கையில். விமான நிலையத்தை நடத்திப் பழகிய அனுபவத்தைக் கொண்டுவருவது ஜி.எம்.ஆர். பங்குக் கணக்கு இப்படி: தெர்னா தரப்புக்கு 32.46 சதவீதம், ஜி.எம்.ஆருக்கு 21.64, மீதி 45.9 சதவீதம் கிரேக்க அரசிடமே இருக்கிறது. ஆகவே 'இந்தியர்கள் கிரீஸில் ஏர்போர்ட் வாங்கிவிட்டார்கள்' என்று வாட்சப்பில் வந்தால் அப்படியே அனுப்ப வேண்டாம். மொத்தம் 35 வருஷ உரிமை, அதில் முதல் ஐந்து வருஷம் கட்டுவதற்கு. நிலம் அரசினுடையது.

பணம் யார் போடுகிறார்கள்? ஐரோப்பிய யூனியனா?

நீங்களும் நானும் போடுகிறோம், டிக்கெட் வழியாக. கிரீஸில் விமானம் ஏறும் ஒவ்வொருவரிடமும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் ஒன்று வாங்குகிறார்கள். மக்கள் அதை 'ஸ்பாதோசிமோ' என்பார்கள். ஏதென்ஸின் புது விமான நிலையம் இருக்கும் ஊர் ஸ்பாதா. அதைக் கட்டுவதற்காகப் போட்ட வரி என்பதால் அந்தப் பெயர். ஸ்பாதா விமான நிலையம் 2001 இல் திறந்தாயிற்று. வரி மட்டும் போகவில்லை. நீண்ட காலம் தலைக்கு 12 யூரோ வாங்கினார்கள். நம் ஊர்ச் சுங்கச்சாவடியில் நின்று பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

கஸ்தெல்லிக்கு வங்கிக் கடன் வாங்காமல், பங்குதாரர் முதலீடு, அரசின் பங்கு, பழைய விமான நிலையத்திலிருந்து சேரும் இந்தக் கட்டண வருமானம் என்று மூன்றையும் கலந்துதான் பணத்தைத் திரட்டுவதாகத் திட்டம். தொடங்கும்போது சொன்ன தொகை சுமார் 52 கோடி யூரோ. சாலை, நிலம் கையகப்படுத்தல் எல்லாம் சேர்த்தால் அதைவிடப் பெரிய தொகை.

சான்டோரினி, மைக்கோனோஸ் எல்லாவற்றையும் ஜெர்மன்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். இதுவும் அந்தக் கதைதானா?

இல்லை, அது தனி. கிரீஸ் கடனில் மூழ்கி, 2015 இல் மூன்றாவது முறையாகக் கைமாற்றுக்கு நின்றபோது, எதையாவது விற்றுக் காட்டுங்கள் என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். அப்போது கைமாறியவைதான் அந்த 14 விமான நிலையங்கள். பிராங்பர்ட் விமான நிலையத்தை நடத்தும் ஃப்ராபோர்ட், ஒரு கிரேக்கக் கூட்டாளியோடு சேர்ந்து, 40 வருஷத்துக்கு எடுத்தது. முன்பணம் 123.4 கோடி யூரோ, அதற்குமேல் வருஷ வாடகை, லாபத்தில் பங்கு. 2017 ஏப்ரலில் சாவியை வாங்கி 2021 தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் புதுப்பித்து முடித்தார்கள். கோர்ஃபு, ரோட்ஸ், கோஸ், சான்டோரினி, மைக்கோனோஸ், ஸ்கியாதோஸ் எல்லாம் அதில் அடக்கம். கிரீட்டின் மேற்கே இருக்கும் கானியா விமான நிலையமும் அந்தப் பட்டியலில்தான்.

என் கணக்கில் அது இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடித்து மாடி எழுப்பியது போல. சான்டோரினியில் முனையத்தைப் பெரிதாக்கினார்கள், ஆனால் ஓடுபாதை அதே இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர்தான். ஸ்கியாதோஸில் ஓடுபாதை 1,628 மீட்டர், அதுவும் இரண்டு நிலத்துண்டுகளுக்கு இடையே கடலைத் தூர்த்துப் போட்டது. வேலிக்கு வெளியே நிற்பவர் தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் படம் பிடிக்கவே ஆட்கள் போகிறார்கள். கஸ்தெல்லி அப்படியில்லை. 3.2 கிலோமீட்டர் ஓடுபாதையோடு முழுதாகப் புதிதாக எழுகிறது. கிரீஸில் இந்த அளவில் புது விமான நிலையம் கட்டுவது ஸ்பாதாவுக்குப் பிறகு இதுதான்.

எப்போது திறப்பார்கள்? அடுத்த வருஷம் டிக்கெட் போடலாமா?

முதலில் 2025 என்றார்கள். அப்புறம் 2027 என்றார்கள். இப்போது பேச்சு 2028 பக்கம் போய்விட்டது. சுற்றுலாத் தீவில் ஒரு விஷயம் உண்டு: இந்த வேலைக்கு நடுக்கோடையில் கை வைக்க முடியாது. ஜூலையில் ஒரு ராத்திரியில் மொத்த விமான நிலையத்தையும் இடம் மாற்றுகிறேன் என்று யாரும் இறங்க மாட்டார்கள். குளிர்காலத்தில் மாற்றி, வசந்தத்துக்குள் பழகி, கோடைக்குத் தயாராவதுதான் புத்தி. ஆகவே இரண்டு மாதத் தாமதம் என்றாலும் ஒரு பருவமே தள்ளிப்போகும்.

தோண்டும்போது ஏதோ பழைய கோட்டை கிடைத்ததாமே?

கோட்டை இல்லை. என்னவென்று சொல்லத்தான் அறிஞர்களே திணறுகிறார்கள். இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கஸ்தெல்லிக்கு வடமேற்கே பாப்பூரா என்று ஒரு குன்று, 494 மீட்டர் உயரம். விமானங்களைக் கண்காணிக்கும் ரேடாரை அதன் உச்சியில் வைப்பதாகத் திட்டம். அஸ்திவாரத்துக்கு மண்ணை வழித்தபோது கல் சுவர் தென்பட்டது. அதைத் தொடர்ந்து போனால் சுவர் வளைகிறது. முழுதும் திறந்து பார்த்தபோது 48 மீட்டர் விட்டத்தில் வட்டமான ஒரு கட்டடம். ஒன்றுக்குள் ஒன்றாக எட்டு வட்டச் சுவர்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 1.4 மீட்டர் தடிமன். நடு வட்டம் 15 மீட்டர், அது நாலாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மையத்திலிருந்து வெளியே ஆரங்கள் போலக் குறுக்குச் சுவர்கள் போகின்றன. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் யாரோ ராட்சத மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்றி மலையுச்சியில் படுக்க வைத்தது போலிருக்கும். சில இடங்களில் சுவர் இன்னும் 1.7 மீட்டர் நிற்கிறது, என் தோள் உயரத்துக்கு மேல்.

2024 ஜூனில் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகம் இதை அறிவித்தது. முக்கியமாகப் பயன்பட்ட காலம் கி.மு. 2000 முதல் 1700 வரை. அதாவது கிரீட்டின் பழைய வெண்கலக் கால நாகரிகமான மினோவன் நாகரிகத்தின் முதல் அரண்மனைகள் நோசோஸிலும் ஃபைஸ்டோஸிலும் எழுந்த அதே காலம். உள்ளே ஏராளமான விலங்கு எலும்புகள். குடியிருந்த தடயம் இல்லை, ஆட்கள் அவ்வப்போது கூடி, பலி கொடுத்து, விருந்து உண்ட இடமாக இருக்கலாம் என்கிறார்கள். கிரீட்டில் இதற்கு முன்பு இப்படியொன்று கிடைத்ததில்லை. வட்டமும் குறுக்குச் சுவருமாக இருந்ததால் பத்திரிகைகள் உடனே, கிரேக்கப் புராணத்தில் காளைத் தலை அரக்கன் மினோட்டாரை அடைத்துவைத்த புதிர்வழி கிடைத்துவிட்டது என்று எழுதின. அது தலைப்புக்கு ஆசைப்பட்டு எழுதியது. விமான நிலைய வேலையிலும் சாலை வேலையிலும் சேர்த்து இன்னும் 35 இடங்களிலாவது தொல்பொருள் கிடைத்திருப்பதாக அப்போதே சொன்னார்கள்.

ஒரு ரேடார்தானே, வேறு மலையில் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

பண்பாட்டு அமைச்சர் லினா மென்டோனியும் முதலில் அதைத்தான் சொன்னார். அவரே தொல்லியல் படித்தவர். சின்னம் காப்பாற்றப்படும், ரேடாருக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்றார். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. அதே குன்றில் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்ற யோசனை திரும்ப வந்தது. தொல்லியலாளர்கள் கூடாது என்று எதிர்த்தார்கள்.

ஏன் அந்தக் குன்றே வேண்டும்? ரேடார் அலை நேர்கோட்டில் போவது, நடுவில் மலை நின்றால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. கஸ்தெல்லிச் சமவெளியைச் சுற்றி மேடுகள். கிழக்கே திக்தி மலைத்தொடர் 2,100 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தடையில்லாமல் தெரியும் உச்சிகள் சிலதான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே கல்லை ஏற்றியவர்களும் இதே காரணத்துக்காகத்தான் அந்த உச்சியைத் தேர்ந்திருப்பார்கள் என்பது என் ஊகம். இரண்டு தரப்புக்கும் ஒரே மனை பிடித்துவிட்டது.

ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்களாமே? ஏர்போர்ட் வந்தால் நிலத்துக்கு விலை ஏறுமே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?

விலை ஏறுவது பக்கத்து நிலத்துக்கு. நடுவில் மாட்டிய நிலத்துக்கு அரசு கொடுக்கும் தொகைதான். அங்கே நிலத்தை 'ஸ்திரெம்மா' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்திரெம்மா என்பது ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 25 சென்ட். ஒரு குடும்பத்துக்கு இங்கே நாலு, அங்கே ஆறு என்று துண்டு துண்டாகத்தான் தோப்பு இருக்கும். தாத்தா வைத்த மரம், வருஷாவருஷம் வீட்டுக்கு எண்ணெய் கொடுப்பது. அதை வெட்டுவதற்குத் தொகை கொடுத்தாலும், அந்த வயதுடைய மரத்தை வாங்கக் கடை எங்கே இருக்கிறது? ஆயிரக்கணக்கில் மரங்கள் போய்விட்டன.

இரண்டாவது, தண்ணீர். அந்தச் சமவெளியில் விழும் மழை அப்போசெலெமிஸ் அணையின் நீர்ப்பிடிப்பில் போய்ச் சேர்கிறது. ஹெராக்லியோன் குடிக்கும் தண்ணீரில் அந்த அணைக்குப் பங்கு உண்டு. விமான எரிபொருளும் ஓடுபாதை கழுவும் நீரும் அதில் கலந்தால் என்னாவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த அணைக்காக ஸ்ஃபெந்திலி என்ற கிராமத்தை ஏற்கெனவே மூழ்கடித்தாயிற்று. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அதன் வீடுகள் மறுபடி தலை காட்டும். இதைப் பார்த்த ஊர்க்காரர்களிடம் 'வளர்ச்சிக்காக விட்டுக்கொடுங்கள்' என்றால் முகம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பு ஒருமனதானது என்று நினைக்க வேண்டாம். வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். நெயா அலிகார்னசோஸ்காரர்களைக் கேட்டால் நாளைக்கே மாற்றச் சொல்வார்கள். அங்கே ராத்திரி இரண்டு மணிக்கும் தலைக்கு மேல் விமானம்.

அங்கே நிலநடுக்கம் அடிக்கடி வருமே?

வரும். 2021 செப்டம்பர் 27 ஆம் தேதி வந்தது அர்கலோகோரியில், கட்டுமான இடத்துக்கு ரொம்பப் பக்கம், ரிக்டர் ஆறை ஒட்டிய அளவு. ஒருவர் இறந்தார், நிறைய பழைய வீடுகள் வாழ முடியாதபடி ஆயின. இடிந்தவை பெரும்பாலும் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. கிரீஸில் புதுக் கட்டடங்களுக்கான நிலநடுக்க விதிகள் கடுமையானவை.

குளிர்காலத்தில் ஈ ஓட்டுவார்களா?

கிட்டத்தட்ட. நவம்பர் வந்தால் கடலோர ஓட்டல்கள் பலகை மாட்டிவிட்டுப் போய்விடும். வெளிநாட்டு விமானங்கள் சுருங்கி, ஏதென்ஸுக்குப் போய்வரும் விமானங்கள்தான் முக்கியமாக மிஞ்சும். கிரீட் மற்ற தீவுகளைவிடப் பரவாயில்லை: பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, விவசாயம் என்று வருஷம் முழுக்க வாழும் ஊர். சின்னத் தீவுகளில் ஜனவரியில் விமான நிலையத்துப் பூனைதான் பயணிகளை வரவேற்கும்.

கட்டடத்தின் அளவை எந்த மாதத்தை வைத்து முடிவு செய்வது என்பதுதான் திட்டமிடுபவரின் தலைவலி. ஆகஸ்டுக்குக் கட்டினால் பிப்ரவரியில் பாதிக் கட்டடத்தைப் பூட்ட வேண்டும். சராசரிக்குக் கட்டினால் ஆகஸ்டில் வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். இரண்டாவது கேள்விக்கான பதிலில் சொன்ன பந்திக் கதை இதுதான். கஸ்தெல்லியை ஆகஸ்டை நினைத்தே கட்டுகிறார்கள்.

பெரிய ஏர்போர்ட் வந்தால் கூட்டம் இன்னும் கூடாதா? ஏற்கெனவே தீவு தாங்கவில்லை என்கிறார்களே?

கூடும். கூட வேண்டும் என்றுதானே கட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு கோடிப் பேரில் தொடங்கி, பிறகு அதற்கும் மேலே போவது திட்டம். ஆனால் அத்தனை பேருக்கும் அணையில் தண்ணீர் இருக்கிறதா, குப்பையை எங்கே கொட்டுவது, ஓட்டலில் வேலை செய்பவர் எந்த வாடகைக்கு வீடு எடுப்பது என்பதெல்லாம் ஜி.எம்.ஆர். கையிலோ தெர்னா கையிலோ இல்லை. ஒப்பந்தத்தில் பயணி எண்ணிக்கை கூடினால் நிறுவனத்துக்கு லாபம். கூட்டம் அளவு மீறினால் அதைச் சுமப்பது நகராட்சி.

கிரேக்க அரசு இப்போது பருவ காலத்தில் ஓட்டல் அறைக்கு வரி ஏற்றியிருக்கிறது. சொகுசுக் கப்பலில் சான்டோரினி, மைக்கோனோஸ் போய் இறங்குபவரிடம் உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ வாங்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு கையால் கதவை அகலத் திறந்துகொண்டே இன்னொரு கையால் வாசலில் உண்டியல் வைப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பழையதை அப்படியே விட்டிருக்கலாமா என்றால், அதுவும் முடியாது. அந்தக் கட்டடத்தில் நின்று பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கஸ்தெல்லி தேவைதான், ஆனால் அது தீர்ப்பது வரிசைப் பிரச்சினையை மட்டும். இரைச்சலும் புகையும் கடலோர ஊரிலிருந்து கிளம்பி ஆலிவ் ஊர்களுக்குக் குடிபோகின்றன.

பழைய இடத்தை என்ன செய்வார்கள்? கடலோரத்தில் அவ்வளவு நிலம்!

புதுசு திறந்ததும் பழையதில் பயணிகள் விமானம் நின்றுவிடும் என்பது ஏற்பாடு. அப்புறம் அந்த நிலம். பூங்கா என்பார் ஒருவர், ஓட்டல் என்பார் இன்னொருவர். ஏதென்ஸின் பழைய விமான நிலையம் எல்லினிகோன் 2001 இல் மூடியது. 'ஐரோப்பாவின் பெரிய பூங்கா' என்றெல்லாம் பேசினார்கள். உருப்படியாக வேலை தொடங்க சுமார் இருபது வருஷம் ஆனது, அதுவரை ஓடுபாதையில் களை முளைத்துக் கிடந்தது. ஹெராக்லியோன்காரர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், அதனால் யாரும் அவசரப்பட்டு வரைபடத்துக்குச் சட்டம் போடவில்லை.

சென்னையிலிருந்து நேரே போகலாமா?

முடியாது. வளைகுடா வழியாகவோ வேறு வழியாகவோ ஏதென்ஸ் போய், அங்கிருந்து ஐம்பது நிமிஷ உள்நாட்டு விமானம். ஏதென்ஸில் இறங்கும்போதே ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) நுழைவுச் சோதனை முடிந்துவிடும், கிரீட்டில் வரிசை இல்லாமல் வெளியே வரலாம். நேரம் இருந்தால் பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறுங்கள். ஒன்பது மணி நேரம் போலப் பயணம், விடியும்போது ஹெராக்லியோன் துறைமுகத்தின் வெனிஸ் காலத்துக் கோட்டைக்கு முன்னால் இறங்குவீர்கள். இந்தப் பக்கம் முழுக்க விமான நிலையத்தைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்வது சரியில்லைதான். ஆனாலும் கப்பல்தான் என் சிபாரிசு.

மேப்பில் கஸ்தெல்லி என்று போட்டால் தீவின் மேற்கு முனையைக் காட்டுகிறது. நீங்கள் சொல்வது தப்பா?

மேப்பும் சரி, நானும் சரி. கிரீட்டில் கஸ்தெல்லி இரண்டு. மேற்கே கானியாவைத் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் கிசமோஸ் ஊரைப் பழைய ஆட்கள் கஸ்தெல்லி என்றே சொல்வார்கள். பாலோஸ் கடற்கரைக்குப் படகு பிடிக்கப் போவது அங்கே. விமான நிலையம் வருவது பெதியாதா வட்டாரத்துக் கஸ்தெல்லியில். இரண்டுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர் போல, மூன்று மணி நேரத்துக்குக் குறையாத கார் பயணம். திறந்தபிறகு ஓட்டல் பதிவு செய்யும்போது, 'விமான நிலையத்துக்கு அருகில், கஸ்தெல்லி' என்று மலிவாக எதையாவது பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் அது கடலைப் பார்த்திருக்கிறதா என்று ஒரு தரம் படத்தில் பாருங்கள். கடல் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது வேறு கஸ்தெல்லி.